குளிர்நீர் நீச்சலுக்கு எது நல்ல இடம்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

லண்டன் ஹைட் பார்க்கின் சர்ப்பன்டைன் ஏரியில் 1864 முதல் ஒரு நீச்சல் மன்றம் இயங்கி வருகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அதன் உறுப்பினர்கள் அங்கே பந்தயம் நீந்துகிறார்கள். அந்தப் பந்தயத்துக்கு 1904இல் கோப்பை வழங்கியவர், பீட்டர் பேனைப் படைத்த ஜே.எம். பாரி. ஆக, குளிர்நீரில் இறங்குவது பிரிட்டனுக்குப் புதிதல்ல. ஆனால் 2020இல் பெருந்தொற்று காரணமாக உள்ளரங்க நீச்சல் குளங்கள் மூடப்பட்டபோது, ஆற்றையும் ஏரியையும் கடலையும் தேடிப் போனவர்கள் பெருகினார்கள். படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போகும் தமிழர்களுக்கும் இந்த ஆசை வருவது இயல்பு. அப்போது எழும் முதல் கேள்வி, பக்கத்தில் நல்ல இடம் எது என்பது. பெரும்பாலும் அதற்கு விடை சொல்வது ஒரு புகைப்படம்தான்: தெளிந்த நீர், சலனமில்லாத பரப்பு, ஆளரவமற்ற கரை. ஆனால் நல்ல இடத்தை நல்ல இடமாக்கும் குணங்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிவதில்லை. விசாரித்துத்தான் அறிய முடியும். கண்ணை மட்டும் நம்பியதால் வேரூன்றிவிட்ட ஐந்து நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு எந்த நீரும் ஒன்றுதான்.

உண்மை: வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென இறங்கும் உடல், நீச்சல் திறமையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. தோல் சட்டென்று குளிர்ந்ததும் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும். பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். அந்த முதல் மூச்சு இழுக்கும் நேரத்தில் முகம் நீருக்குள் இருந்துவிட்டால் எத்தனை பதக்கம் வாங்கியவரானாலும் தண்ணீரைத்தான் இழுப்பார். முதல் நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும் இந்த அதிர்ச்சி, சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது இன்னொரு சிக்கல். கை கால் தசைகள் குளிர்ந்து, நீந்தும் வலு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மிகக் குளிர்ந்த நீரில் இதற்குப் பத்து நிமிடமே போதுமானதாக இருக்கலாம். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியின்போது உயிரிழந்தார். அந்த இழப்புக்குக் குளிர் ஒன்றையே காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. ஆனால் நம் கடலும் அந்தக் கடலும் உடலிடம் கேட்பது ஒன்றல்ல என்பதை நீச்சல் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார். சின்ன வயதிலிருந்தே கிணற்றிலும் ஆற்றிலும் குதித்துப் பழகியவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பழக்கம் உதவும்தான், ஆனால் அது குளிர்நீரில் பெற்ற பழக்கமாக இருக்க வேண்டும். சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கினாலே குளிர் அதிர்ச்சி கணிசமாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே புதியவருக்கு நல்ல இடம் என்பது, கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்குகிற, இடுப்பளவு நீரில் நின்று மூச்சைச் சீராக்கிக்கொள்ள முடிகிற இடம். மேடையிலிருந்து குதித்தால்தான் இறங்க முடியும் என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் நாளுக்கு உகந்ததல்ல.

நம்பிக்கை 2: நல்ல வெயில் அடித்தால் நீரும் வெதுவெதுப்பாகிவிடும்.

உண்மை: காற்று ஒரே நாளில் சூடேறும், நீருக்கு மாதக்கணக்கில் ஆகும். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மிகவும் குளிர்ந்திருக்கும். ஓரளவு சூடாவது ஆகஸ்ட், செப்டம்பரில். மே மாதத்தில் சட்டையைக் கழற்ற வைக்கும் வெயில் அடிக்கும்போதும் கடலில் குளிர்காலத்தின் மிச்சம் இருக்கும். அங்குள்ள கடல்நீரின் சராசரி வெப்பநிலையே சுமார் 12 டிகிரிதான். அதாவது, குளிர் அதிர்ச்சிக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆழமான நீர்த்தேக்கங்களில் இன்னொன்றும் உண்டு. வெயிலில் மேல்மட்ட நீர் மட்டும் சூடாகி, கீழே பல டிகிரி குளிர்ந்த அடுக்கு அப்படியே கிடக்கும். கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குதிப்பவர், கை தொட்ட நீரைத் தாண்டி வேறொரு நீருக்குள் போகிறார்.

நம்பிக்கை 3: அடிக்கல் தெரியுமளவு தெளிந்து ஓடும் நீர் சுத்தமான நீர்.

உண்மை: இதற்கு நல்ல சான்று வடக்கு இங்கிலாந்தில் ஓடும் வார்ஃப் ஆறு. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி இல்க்லி ஊர் வழியே கூழாங்கல் படுகையில் ஓடுகிற அந்த ஆறு, பார்த்ததும் இறங்கத் தோன்றும் அழகு கொண்டது. ஊர்மக்கள் போராடியதன் பலனாக 2020 டிசம்பரில் அங்கே ஒரு பகுதி அதிகாரபூர்வக் குளியல் நீராக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அந்தத் தகுதி பெற்ற முதல் ஆற்றுப் பகுதி அதுதான். 2021இல் வந்த முதல் தர மதிப்பீடு ‘மோசம்’. காரணம், நீரில் இருந்த மலக் கிருமிகள். உள்நாட்டு நீருக்கு ‘மிகச் சிறப்பு’ என்ற தரம் கிடைக்க, 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை கிருமிகள் 500 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். அரை டம்ளர் நீரில் 500 இருக்கின்றனவா 5,000 இருக்கின்றனவா என்று எந்தக் கண்ணும் சொல்லாது. பிரிட்டனின் பழைய ஊர்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால், வீடுகளுக்குள் திரும்பாமலிருக்க அது ஆற்றிலோ கடலிலோ திறந்துவிடப்படும். மேய்ச்சல் நிலங்களின் சாணமும் அதே மழையோடு வந்து சேரும். எனவே மழைக்குப் பின் இரண்டு நாளாவது பொறுத்திருப்பது நல்லது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். இங்கிலாந்தில் பரிசோதனை நடப்பது மே 15 முதல் செப்டம்பர் 30 வரைதான். தர மதிப்பீடும் நான்கு ஆண்டு மாதிரிகள் வரை சேர்த்துக் கணக்கிடுவது. அப்படியென்றால் ஜனவரியில் இறங்குபவருக்கு அதனால் என்ன பயன்? மதிப்பீடு இன்றைய நீரைப் பற்றிச் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தின் சுபாவத்தைச் சொல்லும். இன்றைய நிலையை அறிய வேறு வழி இருக்கிறது: கழிவுநீர் திறந்துவிடப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் அதை வெளியிட வேண்டும் என்ற கடமை 2025 முதல் இங்கிலாந்தின் குடிநீர், கழிவுநீர் நிறுவனங்களுக்கு உண்டு. சுபாவத்தையும் இன்றைய நிலையையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நம்பகமான முடிவுக்கு வரலாம்.

நம்பிக்கை 4: அலையடிக்காத, அமைதியான நீர் ஆபத்தில்லாதது.

உண்மை: கடற்கரையில் இந்த நம்பிக்கை நேர்மாறான பலனைத் தரக்கூடியது. இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் ஒரு பட்டை அலையின்றிக் கிடந்தால், பெரும்பாலும் அதுவே கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டமாக இருக்கும். இறங்க வசதியான வாசல் என்று புதியவர் தேர்ந்தெடுப்பதும் அதையேதான். அதனால்தான் உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடிகளை நட்டு, அவற்றுக்கிடையே மட்டும் நீந்தச் சொல்கிறார்கள். ஆற்றிலும் அப்படித்தான். இல்க்லிக்குச் சற்று மேலே, போல்டன் ஆபி அருகே, அதே வார்ஃப் ஆறு ஸ்ட்ரிட் என்ற பாறை இடுக்கில் சுமார் இரண்டு மீட்டராகக் குறுகுகிறது. ஒரே தாவில் தாண்டிவிடலாம் போலத் தோன்றும். அகலமாக வந்த ஆறு அத்தனையும் அங்கே ஆழத்தில் பாய்கிறது. இருபக்கப் பாறைகளும் அடியில் குடைந்து கிடக்கின்றன. அங்கே தவறி விழுந்து பலர் இறந்திருக்கிறார்கள். நீர்த்தேக்கங்களின் அமைதியும் நம்பத் தக்கதல்ல. செங்குத்தான கரை, வழுக்கும் சுவர், அடியில் நீரை உறிஞ்சும் குழாய்கள் என அங்கே எல்லாமே வெளியே ஏற விடாதவை. இதையெல்லாம் சொல்லும்போது, விபத்து எங்கும் நடக்கும், பயந்தால் எங்குமே போக முடியாது என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை. இறங்கும் முன் ஏறும் வழியைப் பார்க்க வேண்டும். அது ஒன்றல்ல, இரண்டாக இருந்தால் நல்லது.

நம்பிக்கை 5: கரையேறிவிட்டால் ஆபத்து முடிந்தது.

உண்மை: வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நீரில் இருந்தபோது தெளிவாகப் பேசியவர், கரையில் கால் மணி நேரம் கழித்து நடுங்கி, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவது இதனால்தான். ஈரத்தைத் துடைத்து, மேலுடம்பை முதலில் மூடி, அடுக்கடுக்காக உடுத்தி, சூடான பானம் குடித்து மெல்ல வெப்பம் ஏற்ற வேண்டும். உடனே வெந்நீர்க் குளியல் மயக்கத்தைத் தரலாம். நடுக்கம் தீருமுன் கார் ஓட்டுவதும் கூடாது. இதை மனதில் வைத்தால் ஒதுக்குப்புறமான மலை ஏரியின் கவர்ச்சி சற்றுக் குறையும். கார் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய இடம் கோடைக்கு அருமையானது. குளிர்காலத் தொடக்கக்காரருக்கு அல்ல.

கடைசியாக ஓர் எதிர்வாதம். இயற்கை நீரைத் தேடிப் போவதே கட்டுப்பாடில்லாமல் இருக்கத்தான். இத்தனை விசாரணை வைத்தால் அந்தச் சுதந்திரம் எங்கே போகும்? சுதந்திரத்தை நானும் மதிக்கிறேன். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நீர்நிலைகளில் நீந்த உரிமை தருகிறது. இங்கிலாந்திலும் அத்தகைய உரிமை வர வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் இல்க்லி மக்கள் கேள்வி கேட்டதால்தான் அந்த ஆறு பரிசோதனைக்கு வந்தது; அதன் அழுக்கும் ஊரறிந்த செய்தியானது. விசாரிப்பவர்களே உரிமையை வென்றெடுக்கிறார்கள். தொடங்குபவர்கள் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் தொடங்கட்டும். லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களும் 1938இல் கட்டிய பார்லிமென்ட் ஹில் திறந்தவெளிக் குளமும் அப்படிப்பட்டவை. ஆனால் ஹீத் குளங்கள் ஆழமானவை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே ஏற்றவை. வேறு இடம் தேடுவோர் உள்ளூரில் ஆண்டு முழுவதும் நீந்துகிறவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: எங்கே ஏறுவது, எப்போது மழை பெய்தது, இன்று நீர் எத்தனை டிகிரி, கூட யார் வருகிறார்கள். நான்குக்கும் விடை கிடைக்காத இடத்தில் அன்றைக்கு இறங்காமல் திரும்பிவிடுவதே சரி.