விலகுதல்: ஒரு சொல்லும் மூவகைத் தியாகமும்

ஆங்கிலத்தில் ‘ரிட்டயர்’ என்னும் சொல் பணி ஓய்வை மட்டும் குறிப்பதன்று. இரவில் உறங்கச் செல்வதும், போரில் படை பின்வாங்குவதும் அதன் பொருள்களே. ‘வித்ட்ரா’ என்பதும் அத்தகையதே. வங்கியிலிருந்து பணம் எடுப்பது, வழக்கைத் திரும்பப் பெறுவது, பழக்கத்தைக் குறைத்துத் தனித்திருப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இரு சொற்களின் வேர்ப்பொருளும் ஒன்றுதான்: பின்னுக்கு இழுத்தல். எதை, எதற்காகப் பின்னுக்கு இழுப்பது என்பதைப் பொறுத்தே விலகல் உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ ஆகிறது.

தமிழகத்தை ஒட்டிய கேரள மலைப்பகுதிகளில் இதற்கு நல்ல விளக்கங்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழை ஆற்றில் திட்டமிடப்பட்ட நீர்மின் அணை பெரும் எதிர்ப்புக்குப் பின் 1983-இல் கைவிடப்பட்டது. மனிதன் தன் கையை விலக்கிக்கொண்டதால் மழைக்காடு பிழைத்தது. இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. இவ்விலகல் வெறுப்பினால் வந்ததன்று. பிற உயிருக்கு இடம் தருவது.

பாலக்காடு மாவட்டத்தில் 1932-இல் பிறந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன், 1990-இல் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கொங்கண் ரயில்பாதை உருவானதும், 1997 முதல் 2011 வரை அவர் டில்லி மெட்ரோவை வழிநடத்தியதும் அதற்குப் பின்னரே. பதவி விலகியது, தொண்டு விலகவில்லை.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் தியாகத்தை மூவகையாகப் பிரிக்கிறார். கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். உடல் வருத்தத்திற்கு அஞ்சி விடுவது ராஜசம். கடமையைச் செய்தவாறே பற்றையும் பலனையும் விடுவது சாத்விகம். முதல் இரண்டிலும் செயல் விலகுகிறது, ‘நான்’ விலகுவதில்லை. மூன்றாவதில் செயல் நிற்கிறது, ‘எனது’ என்பது விலகுகிறது.

அலுவலக நாற்காலியை விட்டவர் வீட்டிலும் அதிகாரியாகவே நடந்துகொண்டால், அவர் ஓய்வு பெற்றவர் ஆகமாட்டார். செயற்புலன்களை அடக்கியும் மனத்தால் புலன் இன்பங்களை நினைப்பவன் பொய்யொழுக்கம் உடையவன் என்று கீதை எச்சரிக்கிறது. பதஞ்சலி முனிவர் யோகத்தின் ஐந்தாம் அங்கமாகக் கூறும் பிரத்யாஹாரம், புலன்களை அவற்றின் விஷயங்களிலிருந்து உள்ளே திருப்புவதாகும். ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுத்துக்கொள்வது கீதை தரும் உவமை. ஓட்டுக்குள் ஒடுங்கிய ஆமை, வேண்டும்போது மீண்டும் நடக்கிறது. அவ்வாறே உள்முகப்பட்ட சாதகனும் கடமை அழைக்கும்போது எழுந்து செல்கிறான்.

இந்த விலகலுக்கு அறுபது வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதன் பலனை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்பவர், அன்றே உண்மையான ஓய்வைப் பெறுகிறார்.