திரும்பச் சொல்லும் ஆளைத் தேடு

டேராடூன்

அன்புள்ள கயல்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. ஜனவரியில் தோழிகள் நாலு பேரோடு உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குப் பனிமலை ஏறப் போக நினைப்பதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. மதுரைக் கப்பலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளை பனியில் கால் புதைய நடந்து, பொழுது விடியும்போது ஒரு சிகரத்தில் நிற்பது சாதாரண விஷயமல்ல. எந்தக் கம்பெனியில் கட்டணம் குறைவு என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வானம் கெட்டுப்போனால் ‘போதும், இறங்குவோம்’ என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவில் யாருக்கு இருக்கிறது? இதை முதலில் கேள்.

இது பழைய பாடம். 1820-இல் ஹாமெல் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரம் ஏறப் போனார். வானிலையைப் பார்த்துக் கூட வந்த வழிகாட்டிகள் தயங்கினார்கள். ஆனாலும் பயணம் தொடர்ந்தது. பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். மறு ஆண்டே சாமோனி ஊர் வழிகாட்டிகள் சங்கமாகத் திரண்டார்கள். உலகின் மிகப் பழைய மலை வழிகாட்டிகள் சங்கம் அதுதான். காசு கொடுத்தவர் ஆசைப்படுகிறார் என்பதற்காக வழிகாட்டி தன் அறிவை அடக்கிக்கொள்ளும் நிலை வரக்கூடாது.

நம் பக்கமும் இப்படி மலையில் உயிர்கள் போவதைப் பார்த்துவிட்டோம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காயம்பட்டவர்களில் பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 2024 ஜூனில் இதே உத்தராகண்டில் சகஸ்திர தால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தினர் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் மாட்டி, 9 பேர் குளிரில் இறந்தார்கள். அவர்களோடும் வழிகாட்டிகள் இருந்தார்கள். ஆகவே வழிகாட்டி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருப்பது மட்டும் போதாது.

பணம் கட்டுமுன் அவர்களிடம் இதையெல்லாம் கேள். தலைமை வழிகாட்டி எங்கே பயின்றார்? உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அடிப்படை, உயர்நிலை வகுப்புகள் நடத்துகிறது. அப்படி ஓர் இடத்துச் சான்றிதழ் இருக்கிறதா? முதலுதவி பயின்றவரா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆக்ஸிஜன் சிலிண்டரும், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியும், ஸ்ட்ரெச்சரும் முகாமில் இருக்குமா? வனத்துறை அனுமதியை யார் எடுப்பது? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் இறங்குவது? கடைசியாக, போன பருவத்தில் சிகரம் தொடாமல் எந்தக் குழுவையாவது திருப்பிக் கூட்டிவந்தீர்களா, ஏன்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்பவரை நம்பு. எல்லாரையும் நூற்றுக்கு நூறு சிகரத்தில் ஏற்றினோம் என்று பெருமை பேசுபவரை விட்டுவிடு.

அடுத்தது உயரம். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். கேதார்காந்தா 3,800 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், உங்கள் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. வழக்கமான திட்டம் இப்படி: டேராடூனிலிருந்து ஒரு நாள் முழுக்க வண்டியில் சாங்கிரி, சுமார் 1,950 மீட்டர். மறுநாள் நடந்து ஜூடா கா தாலாப், சுமார் 2,770. அதற்கடுத்த நாள் 3,400-ஐ ஒட்டிய அடிவார முகாம். அங்கிருந்து விடியுமுன் கிளம்பிச் சிகரம். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்தத் திட்டம் அந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் ஓடுகிறது. அதனால் சாங்கிரியிலோ ஜூடா கா தாலாபிலோ ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் வந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல், மறைக்காதே. அந்த நிலையில் மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, ராத்திரியானாலும் இறக்கிவிட வேண்டும். அதற்கு உண்மையான மருந்து இறங்குவதுதான். டயமாக்ஸ் மாத்திரை உதவும், ஆனால் சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். ஊரில் டாக்டரைப் பார்த்துக் கேட்காமல் போடாதே.

உடம்பை இப்போதிருந்தே பழக்கு. வாரத்தில் நாலு நாள் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் வேகநடை. ஞாயிற்றுக்கிழமை முதுகுப்பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக ராக்காயி அம்மன் கோவில் வரை நட. முடிந்தால் அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதை ஒன்றில் ஐந்து பேரும் சேர்ந்து போய்வாருங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். யாருக்கு எவ்வளவு பொறுமை, யார் களைப்பைச் சொல்லாமல் மறைப்பவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உடையில் ஒரே விதி: மலையில் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே வியர்வை வாங்காத செயற்கை இழைச் சட்டை, நடுவே ஃப்ளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண் வெந்துபோகும். பூட்ஸ், காலில் மாட்டும் கேய்ட்டர், இரும்புப் பல் வைத்த ஸ்பைக் எல்லாம் சாங்கிரியில் வாடகைக்குக் கிடைக்கும். ஐரோப்பாவில் போடும் அகலமான ஸ்னோஷூ இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. பாரத்தைப் பரப்பி, ஆழமான புதுப்பனியில் கால் அமிழாமல் தாங்குவது அது. கேதார்காந்தா பாதை பலர் நடந்து இறுகியிருக்கும், வழுக்காத ஸ்பைக்தான் முக்கியம். ஆனால் இரவெல்லாம் கனத்த பனி விழுந்தால் கதை வேறு. 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நடக்கின்றன. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால்மணி நேரம் தாண்டினால் சரசரவெனக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட காலையில் வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்தச் சொல்லை உங்களால் ஏற்க முடியவேண்டும் என்றால், கையில் நாள் இருக்கவேண்டும். மதுரையிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி ரயிலில் வருவதென்றால் 60 நாள் முன்பே முன்பதிவு செய். திரும்பும் டிக்கெட்டை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போடு. சாலை பனியில் அடைபட்டாலும் பதற்றம் இருக்காது. சாங்கிரிக்கு மேலே போன் பெரும்பாலும் எடுக்காது என்பதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவை. பணத்தைச் சாங்கிரி போகும் வழியில் வரும் புரோலாவிலேயே எடுத்துக்கொள்.

கிளம்புமுன் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரு சம்மதத்துக்கு வாருங்கள்: ஒருத்திக்கு முடியவில்லையென்றால் இன்னொருத்தி முகம் சுளிக்காமல் கூட இறங்குவாள், வழிகாட்டியின் சொல்லோடு யாரும் வாதாட மாட்டோம். இதற்கு ஒத்துக்கொள்ளாதவளை எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் இந்தப் பயணத்தில் சேர்க்காதே. இரண்டு மூன்று கம்பெனிகளிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. கட்டணத்தை அதன் பிறகு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா