சீத்தியனும் சகோதரனே

வேத பகுதி: கொலோசெயர் 3:5-14

புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை மட்டும் வருகிற சொற்களில் ‘ஸ்குதேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஒன்று. அது கொலோசெயர் 3:11-இல் காணப்படுகிறது. பழைய தமிழ் வேதாகமம் அதனைப் ‘புறதேசத்தான்’ என்று பொருளால் பெயர்த்தது. பொது மொழிபெயர்ப்பு ‘சீத்தியர்’ என்று இனப்பெயராகவே தருகிறது. அந்நாளில் இப்பெயர் எழுப்பிய அச்சத்தையும் அருவருப்பையும் அறிந்தால்தான் வசனத்தின் கனம் விளங்கும்.

சீத்தியர் யார்?

கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் மந்தைகளோடு அலைந்து வாழ்ந்தவர்கள் சீத்தியர். குதிரைமேல் இருந்தபடியே அம்பெய்வதில் வல்லவர்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். போரில் முதலாவது கொன்ற பகைவனின் இரத்தத்தைக் குடிப்பார்கள், கொடிய பகைவரின் மண்டையோட்டைக் கிண்ணமாக்குவார்கள் என்பது அவர் தரும் செய்தி.

யூதரிடையேயும் இப்பெயர் கொடுமைக்கு அடையாளமாயிற்று. ஓர் அநியாயத் தீர்ப்பைக் கண்டிக்கும் 2 மக்கபேயர் 4:47, அவ்வழக்கைச் சீத்தியரே விசாரித்திருந்தாலும் அவர்களை விடுவித்திருப்பர் என்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், சீத்தியர் மிருகங்களிலிருந்து சிறிதளவே வேறுபட்டவர் என்று எழுதினார்.

எதிர்ச்சொல் இல்லாத இணை

இவ்வசனத்தின் மற்ற இணைகள் எதிரெதிரானவை: கிரேக்கன், யூதன், விருத்தசேதனமுள்ளவன், இல்லாதவன், அடிமை, சுயாதீனன். ஆனால் ‘பார்பரோஸ்’, ‘ஸ்குதேஸ்’ என்னும் இணை அப்படிப்பட்டதாகத் தோன்றவில்லை. பார்பரோஸ் என்பவன் கிரேக்க மொழி பேசாதவன். அவன் பேச்சு ‘பர் பர்’ என்று பொருளற்று ஒலித்ததால் அப்பெயர் வந்தது. அவர்களுள்ளும் கடையனாக எண்ணப்பட்டவன் சீத்தியன். இதே கருத்தைக் கூறும் கலாத்தியர் 3:28-இல் இப்பெயர் இல்லை.

கொலோசெ பட்டணம் இன்றைய துருக்கியிலுள்ள பிரிகியா நாட்டில் இருந்தது. கிரேக்கரின் பார்வையில் பிரிகியரும் பார்பரோஸ்களே. கிரேக்க நகரங்களில் ‘பிரிகியன்’ என்றாலே அடிமை என்னும் நினைவு எழுந்தது. இகழப்பட்டவனும் தனக்குக் கீழே இகழ ஒருவனைத் தேடுவது மனித இயல்பு. ‘அவர்களைப்போல் நாங்கள் இல்லை’ என்று சொல்லி ஆறுதல் அடைய அவனுக்கு ஒரு சீத்தியன் வேண்டும். அந்த ஆறுதலையும் இவ்வசனம் எடுத்துப்போடுகிறது.

களைய வேண்டியது எது?

3:8-இல் கோபம், மூர்க்கம், துர்க்குணம், தூஷணம், வம்பு வார்த்தை ஆகியவற்றை விட்டுவிடும்படி சபைக்குக் கட்டளையிடப்படுகிறது. சீத்தியன்மேல் உலகம் சுமத்திய மூர்க்கம், இங்கே விசுவாசிகளின் இருதயத்திலேயே சுட்டிக்காட்டப்படுகிறது. களைந்துபோட வேண்டியவன் சீத்தியன் அல்ல. ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் பழைய மனுஷனே. அடுத்த வசனங்கள் இரக்கம், தயவு, மனத்தாழ்மை, அன்பு ஆகியவற்றைத் தரித்துக்கொள்ளச் சொல்கின்றன. இவை தனிமையில் பழகும் குணங்கள் அல்ல. அருகில் அமர்ந்திருப்பவனிடம் காட்டப்பட வேண்டியவை.

இதற்கு நிருபமே சாட்சி தருகிறது. பிலேமோனின் அடிமையாயிருந்த ஒநேசிமு, 4:9-இல் உண்மையும் அன்பும் உள்ள சகோதரன் என்றும், கொலோசெயரில் ஒருவன் என்றும் அழைக்கப்படுகிறான்.

சிந்தனைக்கு

1. ஒரு சபையில் யார் வந்து அமர்ந்தால் மற்றவர்கள் சற்றே விலகி அமர்வார்கள்?
2. அவர்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் எவை விலகி அமர்பவரின் உள்ளத்திலும் உள்ளன?