மூடி வைத்த லேப்டாப் திறந்ததும் எழாவிட்டால்



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு மாணவர்கள் கொண்டுவரும் லேப்டாப்களில் ஒரே மாதிரியான ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது. இரவு படித்துவிட்டு மூடி வைத்தார்கள், காலையில் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. பக்கத்தில் சிறிய விளக்கு எரிகிறது, சில நேரம் விசிறி சுற்றும் சத்தமும் கேட்கிறது, ஆனால் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் பதில் இல்லை. பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் வேலை செய்கிறது. ஆனால் சேமிக்காமல் விட்ட பாடக் குறிப்பும், பாதி நிரப்பிய உதவித்தொகை விண்ணப்பமும் போய்விடுகின்றன. இன்னொரு வகைப் புகார் இதற்கு நேர் எதிரானது. மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் தானே விழித்துக்கொண்டு, குலசேகரத்தில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் பையே சுடும் அளவுக்குச் சூடாகி, சார்ஜும் தீர்ந்துவிடுகிறது.

இதைப் பற்றி ஒரு பாடமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. முந்திரி ஆலையில் வேலை செய்யும் ஒரு தாயார் தன் மகளின் லேப்டாப்பை ஒரு கடையில் காட்டியபோது, "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி, பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடக்கூடிய தொகையைக் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கருவியில் எதுவும் கெட்டிருக்கவில்லை. அதற்குள் இருந்த பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் வாங்கிய நாளில் இருந்தபடியே பழையதாகக் கிடந்தது. அதைத் தயாரிப்பாளர் தந்த புதிய பதிப்புக்கு மாற்றிய பின் லேப்டாப் ஒழுங்காக உறங்கி எழுகிறது, அல்ஹம்துலில்லாஹ். இதற்காகச் செலவான பணம் ஒன்றும் இல்லை. எல்லாப் புகாருக்கும் இதுவே மருந்து என்று நாம் சொல்லவில்லை. மதர்போர்டு மாற்றப் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பதே நாம் கேட்டுக்கொள்வது.

கணினியின் உறக்கம் ஒரே வகையானது அல்ல. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதில் உறக்கத்துக்குப் படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எஸ்-3 என்ற படியில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், புராசஸர் உட்பட மற்ற பெரும்பாலான பாகங்கள் அணைந்துவிடும். எஸ்-4 என்பது ஹைபர்னேட். நினைவகத்தில் உள்ளதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும். இப்போது வரும் லேப்டாப்களில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற வேறொரு முறை இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இதன் முதல் வடிவம் வந்தது. இதில் திரை அணைந்திருக்கும், கணினி உண்மையில் உறங்குவதில்லை, கைப்பேசியைப் போல அரைத் தூக்கத்தில் இருந்துகொண்டே செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். இருப்பிடம் தரையில் நன்றாகப் பதிந்து உட்கார்ந்தபடியே உறங்கிவிழுபவரின் உளூ முறியாது, படுத்து உறங்கினால் முறிந்துவிடும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? மாடர்ன் ஸ்டாண்ட்பை உட்கார்ந்தபடி உறங்கிவிழும் உறக்கம், எஸ்-3 படுத்துறங்கும் உறக்கம். பைக்குள் சூடாகும் லேப்டாப்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. கறுப்புத் திரையோடு எழாமல் கிடப்பது இரண்டு வகையிலும் நடக்கும்.

இதில் பயாஸுக்கு என்ன வேலை? லேப்டாப்பின் பலகையில் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறிய சிப் இருக்கும். விண்டோஸ், லினக்ஸ் எதுவும் ஓடத் தொடங்கும் முன் ஓடுகின்ற மென்பொருள் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதிய கருவிகளில் அதன் சரியான பெயர் யூ.இ.எஃப்.ஐ. என்றாலும் பயாஸ் என்ற பழைய பெயரே கடைகளிலும் புழங்குகிறது. எஸ்-3 உறக்கத்திலிருந்து எழுப்பும்போது புராசஸர் புதிதாக ஆன் செய்ததுபோலவே இந்த சிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. "இது புதுத் தொடக்கம் அல்ல, உறக்கத்திலிருந்து எழுவது" என்று பயாஸ் அறிந்துகொள்ள வேண்டும், நினைவகத்தில் இருப்பதை அழிக்காமல் அதன் அமைப்புகளைத் திரும்ப ஏற்ற வேண்டும், பிறகு விண்டோஸ் விட்ட இடத்தைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இந்த ஒப்படைப்பில் ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் விண்டோஸுக்கு எதுவுமே தெரிய வராது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் வராது. மூடி திறந்ததா, பவர் பொத்தான் அழுத்தப்பட்டதா, சார்ஜர் செருகப்பட்டதா என்று கவனிக்கும் இன்னொரு சிறு கட்டுப்பாட்டு சிப்பும் உண்டு. அதற்குரிய மென்பொருளும் பெரும்பாலும் பயாஸ் புதுப்பித்தலோடு சேர்ந்தே வருகிறது.

பயாஸ் ஒன்றை மாற்றியதால் உறக்கக் கோளாறு தீர்ந்ததற்கு உலகறிந்த உதாரணம் லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்-1 கார்பன் ஆறாம் தலைமுறை. 2018-இல் வந்த அந்த விலையுயர்ந்த லேப்டாப்பில் எஸ்-3 உறக்கமே பயாஸில் இல்லை. லினக்ஸ் போட்டவர்கள் மூடி வைத்தாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் பயாஸ் தரும் அட்டவணையைத் தாங்களே திருத்தி ஒப்பேற்றினார்கள். அதே ஆண்டில் லெனோவா புதிய பயாஸ் ஒன்றை வெளியிட்டு, உறக்க முறையை விண்டோஸுக்கா லினக்ஸுக்கா என்று தேர்ந்தெடுக்கும் வசதியை அதில் சேர்த்தது. கருவியில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பிரச்சினை தீர்ந்தது.

ஆனாலும் எடுத்தவுடனே பயாஸில் கை வைக்க வேண்டாம். முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுவதும் அணைவதில்லை, ஹைபர்னேட் போலச் சேமித்து வைக்கப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம். தினமும் ஷட் டவுன் செய்கிறோமே என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்து, விண்டோஸ் அப்டேட்டையும் திரைக்கான கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பியுங்கள். எழாத திரைக்கு டிரைவரே காரணமாக இருப்பதும் உண்டு. லேப்டாப் காரணமில்லாமல் தானே உறங்கினால், அதன் மேலோ கீழோ காந்தம் வைத்த கைப்பேசி உறை இருக்கிறதா என்று பாருங்கள். மூடி மூடப்பட்டதை லேப்டாப் அறிவது பெரும்பாலும் ஒரு காந்தத்தைக் கொண்டுதான். மேசைக் கணினி என்றால், தேதியும் நேரமும் அடிக்கடி பழைய ஆண்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும்.

இவ்வளவும் செய்து சரியாகாவிட்டால் பயாஸுக்கு வரலாம். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் லேப்டாப்பின் சரியான மாடல் பெயரும், பயாஸ் பதிப்பும் தேதியும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில் அதே மாடலுக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எச்.பி.க்கு சப்போர்ட் அசிஸ்டன்ட், டெல்லுக்கு சப்போர்ட் அசிஸ்ட், லெனோவாவுக்கு வான்டேஜ் என்று அந்தந்த நிறுவனத்தின் செயலிகளும் உண்டு. சில கருவிகளுக்கு விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியிலேயே வந்துவிடும். புதிய பதிப்போடு எதைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற குறிப்பும் வரும். அதில் ஸ்லீப், ரெஸ்யூம், ஸ்டாண்ட்பை, வேக் என்ற சொற்கள் இருந்தால் அது நமக்குரிய மருந்துதான். இல்லாவிட்டால், அந்தப் பதிப்பு பாதுகாப்புக்காக வந்ததாக இருந்தாலொழிய, அவசரப்பட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் இன்டெல் தந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம் பல கணினிகளைத் தாமே ரீஸ்டார்ட் ஆகவைத்தது. அதைப் போடுவதை நிறுத்திவையுங்கள் என்று இன்டெல்லே சொல்ல வேண்டியதாயிற்று. வெளியான அன்றே போடாமல் இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது என்பது நம் கருத்து.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டுகிறோம், ஏனென்றால் லேப்டாப் உண்மையிலேயே கெட்டுப்போவது இங்கேதான். புதிய பயாஸ் அந்தச் சிறிய சிப்பில் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் கருவி உயிரற்றுப் போகலாம். சிப்பில் உள்ளது அழிந்தால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் பார்த்தது. சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று பல நாடுகளில் கணினிகளின் பயாஸை அழித்து, ஆன் செய்யவே முடியாமல் ஆக்கிவிட்டது. கோதையாறு மின்நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் மழை வந்தால் முதலில் இருட்டாவது நம் ஊர்தான். ஒரு ரப்பர் மரக் கொம்பு கம்பியில் விழுந்தால் போதும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காலை நேரம் நல்லது. சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டுமே ஓடும் லேப்டாப்புக்கும், மேசைக் கணினிக்கும் யு.பி.எஸ். இல்லாமல் செய்யவே கூடாது.

வேலை நடக்கும்போது திரை இருண்டுபோகும், விசிறி திடீரென்று வேகமாகச் சுற்றும், தானே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். முடிந்த பின் முதல் தடவை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம். கெட்டுவிட்டது என்று பயந்து பவர் பொத்தானை அழுத்துவதுதான் பெரிய ஆபத்து. சின்னப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். ஒரு அரை மணி நேரம் கருவியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அப்படியும் எழவில்லை என்றால் அதோடு முடிந்துவிட்டது என்று குப்பையில் போட வேண்டியதில்லை. எச்.பி., டெல் கருவிகள் பலவற்றில் குறிப்பிட்ட விசைகளை அழுத்திப் பிடித்துப் பழைய பயாஸை மீட்கும் வசதி இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால், விவரமுள்ள மெக்கானிக் அந்த சிப்பை மட்டும் தனிக் கருவியில் வைத்து மறுபடி எழுதிவிட முடியும்.

இன்னொன்று, பலரும் அறியாதது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். பயாஸை மாற்றினால் திருடன் யாரோ கருவியில் கை வைத்துவிட்டான் என்று அது நினைத்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படமும் பாடமும் புராஜெக்டும் யாராலும் எடுக்க முடியாதபடி போய்விடும். லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்கிறீர்களோ அந்தக் கணக்கில் இந்த எண் இருக்கும். முதல் நாளில் கடைக்காரரோ நண்பரோ தன் கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தால் எண் அவர் கணக்கில் இருக்கும். ஆகவே பயாஸில் கை வைக்கும் முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள். முக்கியமானவற்றை ஒரு பென்டிரைவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்கள் நம் பகுதியில் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குப் புதிய பயாஸை எதிர்பார்க்க முடியாது. வேறு மாடலுக்கான பயாஸை எங்கிருந்தோ எடுத்துப் போட்டால் கருவி போய்விடும். இவற்றுக்கு எளிய வழி, மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடுவது. எழக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், ஆனால் செய்த வேலை போகாது. இப்போது கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் டெல், ஏசர், எச்.பி. லேப்டாப்களின் நிலை வேறு. அவற்றுக்கு உத்தரவாதக் காலம் இருக்கிறது, தயாரிப்பாளரின் புதுப்பித்தல்களும் வரும். வெளிக் கடையில் திறக்கக் கொடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேளுங்கள்.

"உங்கள் கணினியில் பயாஸ் பழையதாகிவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம்" என்று போன் செய்பவர் யாராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். எந்த நிறுவனமும் அப்படித் தானாக அழைப்பதில்லை. டிரைவர் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரத்தில் வரும் செயலிகளும் வேண்டாம். ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் யு.பி.எஸ். இல்லாதவர்களும், தனியாகச் செய்யத் தயங்குபவர்களும் இன்ஷா அல்லாஹ் சனிக்கிழமை காலை நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். கணினி படிக்கும் நம் மாணவர்கள் இருவர் உடனிருந்து உதவுவார்கள், கட்டணம் இல்லை. சகோதரிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கித் தரப்படும். வரும்போது லேப்டாப்போடு சார்ஜரையும், அந்த 48 இலக்க எண் எழுதிய தாளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் குடும்பப் படங்களை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு வருவது உங்களுக்கும் எங்களுக்கும் நல்லது.