திணிவும் நிறையும்

விசை யாது என வினவின், திணிவை ஆர்முடுகலாற் பெருக்க வருவது என மாணவர் தயங்காது விடையிறுப்பர். கணக்கிற் புகுங்கால் அவருட் பலர் வழுவுகின்றனர். அவ்வழு பெரும்பாலும் சொல்லிற் பிறக்கின்றது. ஆதலால் தமிழாசிரியராகிய நாம் பௌதிகத்துட் புகுந்தமையை அத்துறை ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

நம் நாட்டுப் பாடநூல்களில், ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு திணிவு. புவி அப்பொருளைத் தன்பால் இழுக்கும் விசை நிறை. முன்னையதன் அலகு கிலோகிராம். பின்னையதன் அலகு நியூற்றன். தமிழ்நாட்டு நூல்களிலோ நமது திணிவே நிறை எனப்படும். நமது நிறை எடை எனப்படும். இருவகை நூல்களையும் ஒருங்கே பயிலும் மாணவன் நிறை என்னுஞ் சொல்லைக் கண்டவிடத்து எதனைக் கொள்வான்? கடைத்தெருவோ அரிசி மூடையின் நிறை 50 கிலோ என்றே பேசும்!

ஒரு கணக்கைச் செய்து காண்போம். 50 கிலோகிராம் சீமெந்துப் பை ஒன்று தள்ளுவண்டியில் உளது. வண்டியின் திணிவையும் உராய்வையும் இப்போதைக்கு விடுப்போம். அதன் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் கூடுவதற்கு வேண்டிய கிடைவிசை 50 × 2 = 100 நியூற்றன். மயங்கிய மாணவன் முதலில் 50 ஐ 9.8 ஆற் பெருக்கி 490 என்பான். அதனை மீண்டும் 2 ஆற் பெருக்கி 980 என எழுதுவான். ஏறத்தாழப் பத்து மடங்கு! 490 நியூற்றன் என்பது தானே ஒரு விசை. பையைக் கையில் தாங்கி நிற்க வேண்டுவது அது. விசையை ஆர்முடுகலாற் பெருக்கின் விசை வாராது. ஆகவே வினாவில் நிறை என்றிருப்பின் அருகிலுள்ள அலகை நோக்குக. கிலோகிராமாயின் நேரே பெருக்கலாம். நியூற்றனாயின் முன்னர் 9.8 ஆல் வகுத்துத் திணிவைப் பெறுக.

அதே வண்டி சந்திரனில் நிற்பதாகக் கொள்வோம். ஆங்கு ஈர்ப்பு ஏறத்தாழ ஆறிலொரு பங்காதலின் பையின் நிறை 81 நியூற்றன் அளவினதே, சிறுவனும் தூக்குவான். எனினும் முன்சொன்ன ஆர்முடுகலுடன் கிடையாகத் தள்ளுதற்கு அங்கும் 100 நியூற்றனே வேண்டும். திணிவு மாறவில்லையன்றோ!

இனி, விடுத்த உராய்வு 30 நியூற்றன் எனின் 130 நியூற்றனாற் தள்ளுதல் வேண்டும். சமன்பாட்டிற் புகுவது எதிர்விசை கழித்த விளையுள் விசையே. முடுகு என்னுஞ் சொல் யாப்பில் விரைந்த நடையைக் குறித்தலின், விரைவையே ஆர்முடுகலென மயங்குவாரும் உளர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், மாறாது நேரே செல்லும் புகைவண்டிக்கு ஆர்முடுகல் இல்லை. அதன்மேல் விளையுள் விசையும் பூச்சியமே.