ஏரிக்கரை மனை: கடன் தீர்மானம் போடும் முன்



முன்பெல்லாம் குழுவில் உள்கடன் கேட்டால் கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைகள் படிப்பு என்று காரணம் வரும். இப்போது "மனைக்கு அட்வான்ஸ் கட்ட" என்பதும் சேர்ந்துவிட்டது. அதில் தப்பே இல்லை. ஒரு பெண்ணின் பேரில் பத்திரம் இருப்பது பெரிய பலம். ஆனால் டவுனை ஒட்டி சல்லிசாகக் கிடைக்கிற மனை எந்த நிலத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் இந்த மாதப் பாடம் மனையைப் பற்றி.

டவுன் பெருகும்போது முதலில் கை வைப்பது ஓரத்தில் உள்ள நிலத்தில்தான். அந்த ஓரத்தில் என்ன இருக்கும்? நஞ்சை, மேய்க்கால், ஓடை, ஏரியின் உள்வாய். ஏரி என்றால் கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை. தண்ணீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால், நிறைந்தால் வெளியேறும் கலங்கல், அதற்கப்புறம் ஓடும் ஓடை எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. நாலைந்து வருஷம் மழை பொய்த்தால் உள்வாய் காய்ந்து மைதானம் மாதிரி ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் அங்கே கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேன் வைத்துக் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கடலுக்கு விடுகிற இடம். கட்டடமும் ரோடும் குப்பைமேடும் வந்து அது பழைய அளவில் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மிச்சத்தில் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடு ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் ஜனங்கள் மொட்டைமாடியில் நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது, அவ்வளவுதான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குக்கா" என்று புரோக்கர் சொல்வார். ஒரு நிலத்தை மனைப்பிரிவாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். இதைத்தான் டி.டி.சி.பி. அப்ரூவல் என்கிறோம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. கொடுக்கும். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதையே சொல்கிறது. முன்பே மனையாகப் பத்திரம் ஆனதற்கு மட்டும் விலக்கு உண்டு. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. ஆனால் ஏரி, குளம், வாய்க்கால், அரசுப் புறம்போக்கு இவற்றில் உள்ள மனைக்கு அந்த விதியில் இடமே கிடையாது. இதை நன்றாக மனதில் வையுங்கள். "பின்னாடி பணம் கட்டி சரி பண்ணிக்கலாம்" என்ற பேச்சு நீர்நிலை நிலத்துக்குச் செல்லாது. ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் இருந்தாலும் அது பட்டா ஆகாது.

எதைப் பார்க்க வேண்டும்? புரோக்கர் காட்டும் கலர் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு சர்வே நம்பரை மட்டும் எழுதி வாங்குங்கள். அந்த நம்பருக்கு 'அ' பதிவேடு, பட்டா, புலப்படம் மூன்றையும் இணையத்தில் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் எடுத்துத் தரும், இல்லையென்றால் இ-சேவை மையம் போங்கள். 'அ' பதிவேட்டில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று எது இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பட்டா நிலம்தான் என்றால் வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் வேலை. அப்புறம் அந்த ஊர்ப் பெரியம்மா யாரையாவது, "மழைக்காலத்தில் இங்கே தண்ணி எங்கே நிக்கும்?" என்று கேளுங்கள். எந்த ஆபீசிலும் கிடைக்காத தகவல் அது.

மாசம் 2,000 வீதம் 50 மாசம் கட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரு லட்சம். கடைசித் தவணையில்தான் பத்திரம் என்பார்கள். அப்போது பதிவு ஆகவில்லை என்றால் பணத்தைத் திருப்பி வாங்குவது லேசான காரியம் இல்லை. குழுக் கடன் மட்டும் வட்டியோடு நிற்கும். உறுப்பினர் கட்ட முடியாமல் போனால் மற்ற சகோதரிகளின் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டி வரும்.

ஒரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. வேறு போக்கிடம் இல்லாமல் ஏரிக்கரையில் 30, 40 வருஷமாகக் குடிசை போட்டிருப்பவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். ஜே.சி.பி. வந்தால் முதலில் அவர்கள் வாசலில்தான் நிற்கிறது. பெரிய காம்பவுண்டு சுவருக்கு நாள் தள்ளிப்போகிறது. இது நியாயம் இல்லை என்பது எங்கள் எண்ணம். அப்படிப்பட்ட குடும்பங்கள் மாற்று இடம், வீட்டுமனைப் பட்டா கேட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் சேர்ந்து மனு கொடுப்பது நல்லது. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மனுவுக்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்கள் எத்தனை? அவற்றில் எது இப்போது தூர்ந்து கிடக்கிறது, எதன் மேல் கல் நட்டிருக்கிறார்கள்? சர்வே நம்பரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வரும் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்.