வில்வத்தின் கூட்டிலை

முன்னேச்சரப் பெருமானுக்குச் சாத்த வில்வங் கொய்துவரும் சிலாபப் பகுதி மாணாக்கரை, ‘ஒரு காம்பில் இலை எத்தனை?’ என வினவின் மூன்றென்பர். தாவரநூலார் ஒன்றென்பர். இம்முரண் கண்டு, கோயில் வழக்கும் விஞ்ஞானமும் தம்முட் பகையென அவர் மயங்குதல் கூடும். ஆதலின் இதனை ஆசிரியராகிய நாம் தெளிவித்தல் வேண்டும்.

தாவரநூலார் துணிவுக்குக் காரணம் கக்கவரும்பு. இலைக்காம்பு கொம்பொடு பொருந்தும் மூலையில் அரும்பு தோன்றும். வில்வத்திலே அவ்வரும்பு பொதுக்காம்பின் அடியிலேயே உளது; அம்மூன்றனுள் எதனடியிலும் இல்லை. ஆகவே மூன்றும் சேர்ந்ததே ஓரிலை. பல கூடி ஒன்றாதலின் அது கூட்டிலை. அதன் உறுப்பு சிற்றிலை. சிறுமை, இலை எனப் பிரித்து, மையீறு கெட்டு ஒற்றிரட்டியமையை இலக்கண வகுப்பிலும் காட்டலாம். இலத்தீனிலும் இலை ‘ஃபோலியம்’. சிற்றிலையோ அதன் சிறுமைப்பெயராகிய ‘ஃபோலியோலம்’. இருமொழியும் ஒரு நெறியிற் சென்றமை வியக்கத்தக்கது.

லின்னேயசு 1753 இல் வில்வத்தை மாவிலங்கத்துக்குரிய ‘கிராட்டேவா’ இனத்தில் வைத்தார்; மாவிலங்கமும் முச்சிற்றிலை உடையதே. 1800 இல் கொறெயா என்பார் வில்வத்தைப் பிரித்து ‘ஏகிளே’ என வேறினமாக்கினார்.

இனி வில்வாட்டகத்தை நோக்குக. மூன்று தளமுடையதனை அது ‘ஒரு வில்வம்’ என்றே எண்ணி அருச்சிக்கின்றது. தாவரநூலார் கணக்கும் அதுவே. அம்மூன்றனை முக்கண்ணாகவும் சூலமாகவும் பாவித்தல் பத்திநெறி. அதனைத் தாவரப் பாடத்தோடு கலத்தல் வேண்டா.

வில்வக் கொம்பொன்றை வகுப்பிற் கொணர்ந்து அரும்பிருக்குமிடத்தை மாணாக்கரே தேடிக் காணச் செய்க. பின்னர் வேம்பை எடுக்க. நாம் வேப்பிலையென்று ஒவ்வொன்றாய்க் கிள்ளுவன யாவும் சிற்றிலைகளே.